வழி தவறி வந்த அரசர்: 1517இல் ஒரு மீனவக் கிராமத்தில் நடந்த கதை

[திரையில்: ஸ்பெயினின் வடக்குக் கடற்கரை வரைபடம். ஒரு சிறு புள்ளி ஒளிர்கிறது.]

வணக்கம். ஸ்பெயினின் வடக்குக் கரையில், அஸ்தூரியாஸ் பகுதியில், தாசோனெஸ் என்றொரு சின்ன மீனவக் கிராமம் இருக்கிறது. 1517 செப்டம்பர் மாதம் அதன் எதிரே ஏறக்குறைய 40 கப்பல்கள் வந்து நின்றன. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கடல் வழியாகப் பகைவர்கள் வந்து இறங்குவது சாதாரணமாக இருந்த காலம் அது. கரையோரத்து மக்கள் பெண்களையும் பிள்ளைகளையும் மலைப்பக்கம் அனுப்பினார்கள். ஆண்கள் கையில் கிடைத்த ஆயுதத்தை எடுத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கப்பலில் இருந்தவர் அவர்களுடைய புது அரசர் சார்லஸ். வயது 17. பின்னாளில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் என்று ஐரோப்பா முழுவதும் பேர் வாங்கப்போகிறவர்.

[திரையில்: கெண்ட் நகரம், பிறகு பிளஷிங் துறைமுகம்.]

அவர் பிறந்தது 1500இல் கெண்ட் நகரத்தில், இன்றைய பெல்ஜியம். வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். தாய்வழித் தாத்தா ஃபெர்டினாண்ட் 1516 ஜனவரியில் இறந்துபோக, ஸ்பெயின் இவர் கைக்கு வந்தது. ஆனால் அந்த நாட்டை அவர் பார்த்ததே இல்லை, மொழியும் தெரியாது. 1517 செப்டம்பர் தொடக்கத்தில் அக்கா லெயோனோருடனும் பெரிய பரிவாரத்துடனும் இன்றைய நெதர்லாந்தில் உள்ள பிளஷிங் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். போக நினைத்த இடம் ஸ்பெயினின் அதே வடக்குக் கரையில் உள்ள சாண்டாண்டர் துறைமுகத்தின் பக்கம். வந்து சேர்ந்ததோ அங்கிருந்து ஏறக்குறைய 130 கிலோமீட்டர் மேற்கே!

இவ்வளவு பெரிய கப்பல் படை எப்படி வழி தவறும்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

[திரையில்: வரைபடத்தில் ஒரு நீண்ட கிடைக்கோடு.]

அந்தக் காலத்து மாலுமிகள் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ அளந்து, வடக்கு தெற்கில் எங்கே இருக்கிறோம் என்று ஓரளவு சொல்லிவிடுவார்கள். கிழக்கு மேற்கு நிலையைக் கண்டுபிடிக்கத்தான் வழியில்லை. அதற்கு நம்பகமான கடற்பயணக் கடிகாரம் வேண்டும், அது வந்ததே பதினெட்டாம் நூற்றாண்டில். இப்போது வரைபடத்தைப் பாருங்கள். ஸ்பெயினின் வடக்குக் கரை கிழக்கு மேற்காகவே நீண்டு கிடக்கிறது. சாண்டாண்டரும் தாசோனெஸும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அதாவது, மாலுமிகள் நன்றாக அளக்கத் தெரிந்த ஒரே விஷயம் இந்தக் கரையில் அவர்களுக்கு எந்த உதவியும் செய்யாது. மலைகளின் வடிவத்தைப் பார்த்துத்தான் இடத்தை அடையாளம் காண வேண்டும். அடையாளம் கண்டபோது, தாங்கள் நிற்பது அஸ்தூரியாஸ் கரை என்று தெரிந்தது. அரசருக்கோ மறுபடி கடலில் அலைய மனமில்லை. இறங்கிவிடலாம் என்று முடிவானது.

[திரையில்: காஸ்டைல் கொடி, கோட்டையும் சிங்கமும்.]

கரையில் இருந்தவர்களின் பயம் தீர்ந்தது எப்படி? அரசரின் பரிவாரத்திலேயே வந்த லோரான் விதால் என்பவர் இந்தப் பயணத்தை எழுதி வைத்திருக்கிறார். வந்திருப்பது பகைவர் இல்லை, ஸ்பெயினின் முக்கிய அரசான காஸ்டைலின் கொடியோடு வந்த தங்கள் அரசர் என்று தெரிந்ததும் ஊர்க்காரர்கள் ஆயுதங்களைக் கீழே போட்டு வரவேற்றார்கள். அவர்கள் முதலில் ஆயுதம் எடுத்ததைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அறிவிப்பில்லாமல் 40 கப்பல் வந்தால் ஊரைக் காக்கிறவர்கள் அதைத்தான் செய்வார்கள்.

அப்புறம் அரசர் படகில் கழிமுகம் வழியாக வில்லாவிசியோசா என்ற ஊருக்குப் போனார். அங்கே அவர் தங்கிய ஹேவியா குடும்பத்து வீடு இன்றும் நிற்கிறது. ஆனால் ஒரு அரண்மனைக் கூட்டமே திடீரென்று வந்தால் சிறிய ஊர் என்ன செய்யும்? படுக்கை போதவில்லை, சீமான்கள் பலர் வைக்கோலில் படுத்தார்கள். ஊர்க்காரர்கள் ரொட்டியும் திராட்சை மதுவும் மாடும் ஆடும் கொண்டுவந்து கொடுத்தார்கள். குதிரைகளுக்கும் பஞ்சம். குதிரை ஏற்றி வந்த கப்பல் ஒன்று வழியிலேயே தீப்பிடித்து, அதில் இருந்தவர்களும் மாண்டிருந்தார்கள். மூட்டை முடிச்சுகள் மாட்டுவண்டியில் ஏறின.

அங்கிருந்து கரையோரமாகவே ரிபாடெசெயா, யானெஸ், சான் விசென்தே என்று மலைப்பாதையில் மெதுவாக நகர்ந்தார்கள். வழியில் அரசருக்கு உடம்பும் சரியில்லாமல் போனது. நவம்பர் தொடக்கத்தில்தான் தொர்தேசியாஸ் என்ற ஊருக்குப் போய், பல வருடங்களாகப் பார்க்காத தாய் ஹுவானாவைச் சந்தித்தார். அதே மாதம் 8ஆம் தேதி, அவருக்காக நாட்டைக் கவனித்துவந்த கர்தினால் சிஸ்னெரோஸ் இறந்துபோனார். இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை.

[திரையில்: இன்றைய தாசோனெஸ் துறைமுகம்.]

இப்போது தாசோனெஸில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் அந்த வருகையை அப்படியே நடித்துக் காட்டுகிறார்கள். அரசரின் கால் முதலில் பட்டது தாசோனெஸிலா, கழிமுகத்துக்குள்ளே வில்லாவிசியோசாவிலா என்ற விவாதமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், விழா எடுக்கும் உரிமை தாசோனெஸுக்குத் தாராளமாக உண்டு. கப்பல்கள் வந்து நின்றது அந்த ஊருக்கு எதிரேதானே!