நானும்தான் நிற்கிறேன்

(ஜவுளிக்கடை சூப்பர்வைசர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். 22 வருடம் ஜவுளிக்கடையில் ஃப்ளோர் பார்த்தவன் நான். கூட வேலை செய்கிறவர்களின் நிலையைப் புரிந்து நடத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய விஷயம். எனக்கு அது ஒரு ஸ்டூலில் இருந்துதான் புரிந்தது. அதனால் ஸ்டூலைப் பற்றியே பேசுகிறேன்.

சேலை செக்‌ஷனில் ஒரு பெண் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து ஊர், கடை ஹாஸ்டலில் தங்கல். காலையில் கவுன்டருக்குப் பின்னால் போய் நின்றால் சாப்பாட்டு நேரம், டீ நேரம் தவிர இரவு வரை அதே இடம்தான். ஒருநாள் மதியம் மூன்று மணி இருக்கும், கடையில் ஆளே இல்லை. சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு, "நானும்தான் காலையிலிருந்து நிற்கிறேன், நான் உட்கார்ந்தேனா?" என்று கேட்டேன். அரை நாள் சம்பளத்தைப் பிடிக்கவும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் அப்போது ஒன்றும் பேசவில்லை. ராத்திரி ஷட்டர் இறக்கும் நேரத்தில் வந்து சொன்னார்: "அண்ணே, நீங்க நடந்துக்கிட்டே இருக்கீங்க. நாங்க ஒரே இடத்துல நிக்கிறோம். ரெண்டும் ஒண்ணில்லண்ணே."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் குறைந்துவிடும். ரத்தம் காலிலேயே தேங்கும். கணுக்கால் வீங்குவது, நரம்பு புடைத்துச் சுருண்டு வெரிகோஸ் ஆவது எல்லாம் அப்படித்தான். ராத்திரி ஹாஸ்டலில் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கிற பெண்களுக்கு இதை எந்த டாக்டரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் அவர்களைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. யோசித்தேன். ஆனால் என் காலை வைத்து அவர்கள் காலை அளந்தேன். நானும் சேல்ஸ்மேனாக இருந்து வந்தவன்தானே, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. கீழேயிருந்து மேலே வந்தவர்களிடம் இந்த நினைப்பு அதிகம் இருக்கும். இங்கே பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதைத்தான்.

நிற்பது நம் தொழிலின் மரபு என்று சிலர் சொல்வார்கள். இல்லை. பழைய ஜவுளிக்கடையில் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். கடைக்காரரும் உட்கார்ந்திருப்பார், சேலை எடுக்க வந்த குடும்பமும் எதிரே உட்கார்ந்திருக்கும். பட்டுக்கடைகளில் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். உட்கார்ந்து விற்றதால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடவில்லை.

சட்டம் வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் உட்கார வசதி வேண்டும் என்று இருந்தது. இங்கிலாந்தில் 1899-லேயே கடைப் பெண்களுக்காகத் தனிச் சட்டம் போட்டார்கள், மூன்று பேருக்கு ஓர் இருக்கை என்று. நம் கடை ஊழியர்களுக்கு அது வர எவ்வளவு காலம் ஆனது பாருங்கள். கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண்மணி 'பெண்கூட்டு' என்ற அமைப்பை ஆரம்பித்தார். கடைப் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், உட்கார இடம் வேண்டும் என்று போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் நம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கும் திருத்தம் வந்தது. தொழிற்சாலைக்கும் கடைக்கும் நடுவே 73 வருடம்.

அந்தத் திருத்தத்தில் ஒரு சொல்லை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். வேலைக்கு நடுவே உட்கார 'வாய்ப்பு' வரும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ள இருக்கை வசதி வேண்டும் என்கிறது. சரி, வாய்ப்பு வந்துவிட்டது என்று யார் முடிவு செய்வது? முதலாளி கல்லாவில் இருக்கிறார். அரசாங்க இன்ஸ்பெக்டர் என்றைக்கோ ஒருநாள் வருவார். அந்த நிமிடத்தில் ஃப்ளோரில் இருப்பது நீங்கள்தான். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அந்தப் பெண் உட்காருவார், இல்லாவிட்டால் நிற்பார்.

எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது, எல்லாம் ஒரே அளவு. இரண்டு வாரம் யாரும் உட்காரவில்லை. ஸ்டூல்மேல் சேலைப் பெட்டி ஏறிக்கொண்டது. எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம்தான் அந்தப் பெண் ஷட்டர் அருகே சொன்னது ஞாபகம் வந்து, இந்த முறை முதலில் கேட்போம் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். கூட்டம் போட்டுக் கேட்கவில்லை. கூட்டத்தில் பேசுகிறவரே பேசுவார்.

பில் போடும் பெண், "ஸ்டூல் குட்டையா இருக்கு சார், உட்கார்ந்தா கீபோர்டு எட்டல" என்றார். சேலை மடிக்கும் பையன்களுக்கு ஸ்டூலே வேண்டாம், குனிந்து நிமிரும் வேலை, காலடியில் ரப்பர் மேட் போதும் என்றார்கள். சர்க்கரை உள்ள ஒரு பெரியவர் வேட்டி செக்‌ஷனில் இருந்தார். அவருக்கு வேண்டியது உட்காரும் இடம் அல்ல, பாத்ரூம் போக ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்து நிற்காமல் இருக்க வேண்டும். அந்த வயதில் அவர் என்னிடம் அனுமதி கேட்டு நின்றிருக்கிறார், அதை நான் ஒழுங்கு என்று நினைத்திருக்கிறேன். பீகாரிலிருந்து வந்த குடோன் பையனை இன்னொருவரை வைத்து இந்தியில் கேட்டேன். கவுன்டர் ஓரத்தில் போட்ட ஸ்டூல்களால் மூட்டை தூக்கி வரும்போது முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தானாம். ஒன்றரை வருடத்தில் அவனிடம் ஏதாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். உயரமான ஸ்டூல் வாங்கினோம். பாத்ரூமுக்கு அனுமதி கேட்பதை அன்றைக்கே நிறுத்தினேன். மற்றது மெதுவாக நடந்தது.

ஆனால் தீபாவளி சீசனில் என்ன செய்வது? அப்போது வாய்ப்பு என்பதே கிடையாது, கவுன்டரில் மூன்று வரிசை நிற்கும். எனக்கு வழி தெரியவில்லை, அவர்களிடமே விட்டேன். பில் போடும் பெண் ஒரு அட்டையில் பட்டியல் எழுதிக் கொண்டுவந்தார். ஆளுக்குப் பத்து நிமிடம், யார் எழுந்தால் யார் கவுன்டரைப் பார்ப்பது என்பது வரை தெளிவாக இருந்தது. குடோன் பையனின் பெயரும் இருந்தது. கடைசி வரியில் என் பெயர், நேரம் 5.40. "நீங்களும் காலையிலிருந்து நடக்குறீங்கல்ல சார்" என்றார்.