பெட்ரோல் நாட்டுக்கு எதுக்குங்க கடன்?

வணக்கம் மக்களே! இன்னைக்கு சமையலும் இல்ல, ஷாப்பிங்கும் இல்ல. நேத்து ரூம்ல ஒருத்தர், "குவைத்துக்கு எதுக்குங்க கடன்? தோண்டினா காசு"ன்னு அசால்ட்டா சொல்லிட்டுப் போயிட்டார். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

குவைத் அரசாங்கம் கடன் வாங்க அனுமதி தர்ற பழைய கடன் சட்டம் 2017 அக்டோபர்ல காலாவதியாச்சு. அப்புறம் வருஷக்கணக்கா மஜ்லிஸ்ல, அதாவது இங்க இருக்கற நாடாளுமன்றத்துல, ஒரே சண்டை. அரசாங்கம் கடன் கேட்கும், எம்பிக்கள் "முதல்ல வீண் செலவை நிறுத்துங்க"ம்பாங்க. 2020 ஆகஸ்ட்ல நிதியமைச்சரே வந்து, கையில 200 கோடி தினார்தான் இருக்கு, அக்டோபருக்கு மேல சம்பளம் போட பத்தாதுன்னு சொன்னார். நாட்டு வருமானத்துல 90 சதவீதம் கிட்ட எண்ணெய்ங்க. விலை விழுந்தா எல்லாம் விழும்.

இப்ப பெட்ரோல் விலைக்கு வரேன். நான் எப்பவும் சூப்பர் பெட்ரோல்தான் போடுவேன், உங்களுக்கே தெரியும். லிட்டர் 105 ஃபில்ஸ் (ஆயிரம் ஃபில்ஸ் ஒரு தினார்). 2016 செப்டம்பருக்கு முன்னாடி அது 65. வெறும் 40 ஃபில்ஸ் ஏத்தினதுக்கு என்ன ரகளை தெரியுமா? மஜ்லிஸ் கொதிச்சுது. குவைத்திகளுக்கு மாசம் 75 லிட்டர் இலவசம்னு சமாதானம் பேசிப் பார்த்தாங்க. அக்டோபர்ல சபையே கலைஞ்சுது! அன்னைக்கு வச்ச 105, இன்னைக்கும் பங்க்ல அதே 105. சூப்பருக்கு அரசாங்கம் தர்ற மானியத்துல கை வைக்க அதுக்கப்புறம் யாருக்கும் தைரியம் வரல. எனக்கு இதுதான் ஆத்திரம்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். 1976லயே வருங்காலத் தலைமுறைக்குன்னு தனி நிதி வச்ச நாடு இது. வருஷா வருஷம் வருமானத்துல 10 சதவீதம் அதுக்குப் போயிட்டிருந்துச்சு. அருமையான ஏற்பாடு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2020ல அதையும் மாத்தி, பட்ஜெட்ல உபரி இருந்தா மட்டும் போட்டா போதும்னுட்டாங்க.

2024 மே மாசம் சபையை நிறுத்தி வச்சாங்க. 2025 மார்ச்சுல அமீர், அதாவது நாட்டோட மன்னர், போட்ட ஆணையாவே புதுக் கடன் சட்டம் வந்துச்சு: 50 வருஷத்துல 3,000 கோடி தினார் வரைக்கும் வாங்கலாம். நான் கடனுக்கு எதிரி இல்ல. ஆனா கடன் வாங்கி சம்பளமும் மானியமும் போட்டா எண்ணெயை நம்பி இருக்கறது எப்படிக் குறையும்? துறைமுகம், ரயில்னு போட்டா சரி. சவுதியும் எமிரேட்ஸும் 2018 ஜனவரியிலேயே வாட் போட்டாச்சு, இங்க இன்னும் இல்ல. பெரிய பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு மட்டும் 2025லேர்ந்து 15 சதவீத வரி வச்சிருக்காங்க. அது நல்ல ஆரம்பம்னு அடிச்சு சொல்வேன். அதைப் பத்தி அடுத்த வீடியோல விரிவா பேசறேன். பை மக்களே!