ஆப்பிள் மரம் வரையச் சொன்னால் உங்கள் மனம் தெரிந்துவிடுமா? ஆர்ட் தெரபி படிப்பும் வேலையும்

12க்கு 18 அங்குலத்தில் ஒரு வெள்ளைத் தாள், 12 நிறத்தில் மார்க்கர். "ஒருவர் மரத்திலிருந்து ஆப்பிள் பறிப்பதை வரையுங்கள்." அவ்வளவுதான் கேள்வி. படிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு நீங்களும் வரைந்து பாருங்கள். பாதிப் பேர் வரையாமலே அடுத்த வரிக்கு வந்திருப்பீர்கள், தெரியும்!

லிண்டா கேன்ட், கார்மெல்லோ டபோன் என்ற இரண்டு அமெரிக்க கலை சிகிச்சையாளர்கள் (வரைவது போன்ற கலை வேலைகளையே மனநல சிகிச்சையாகப் பயன்படுத்தும் 'ஆர்ட் தெரபிஸ்ட்'கள்), இந்த ஒரே படத்தை 14 கோணங்களில் அளக்க ஒரு முறையை 1998-ல் வெளியிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயமே வேறு. சிவப்பு அடித்தால் கோபம், கருப்பு அடித்தால் சோகம் என்று ரீல்ஸில் அளக்கிறார்களே, அந்தக் கதையெல்லாம் இங்கே கிடையாது. என்ன வரைந்தீர்கள் என்பதைவிட எப்படி வரைந்தீர்கள் என்பதுதான் கணக்கு. நிறம் பொருளுக்குப் பொருந்துகிறதா? கோடு உறுதியாக இருக்கிறதா, நடுங்குகிறதா? ஒரே கோட்டைத் திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறீர்களா? ஆளும் மரமும் ஒரே காட்சியில் சேருகிறார்களா, இல்லை ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்களா?

இதில் உச்சம், அந்த ஆப்பிள் கைக்கு எப்படி வருகிறது என்பது. சிலர் ஏணி போடுவார்கள். சிலர் கிளையையே தாழ்த்திவிடுவார்கள். சிலர் படத்தில் ஆள் சும்மா நிற்பார், ஆப்பிள் எட்டாத உயரத்தில் தொங்கும். பிரச்சினையைத் தீர்க்கும் விதத்துக்கென்றே தனி மதிப்பெண் உண்டு. கடும் மனச்சோர்வில் இருப்பவரின் களைப்பும் ஆர்வமின்மையும் தாளில் நிறம் குறைந்து, விவரம் குறைந்து தெரியலாம் என்பது இதன் அடிப்படை. சிகிச்சைக்குப் பிறகு அதே படத்தை மறுபடி வரையச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு படத்தை மட்டும் பார்த்து, "உங்களுக்கு இந்த நோய்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வரலாறு ரொம்பச் சின்னது. காசநோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில் 1942-ல் இந்தக் கலைவழிச் சிகிச்சைக்கு 'ஆர்ட் தெரபி' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க்கும் ஈடித் கிரேமரும் வளர்த்தார்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். "நான் நன்றாக வரைவேன், சீட் கிடைக்குமா?" அது மட்டும் போதாது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த வேலைக்கு நுழைவுச் சீட்டே முதுகலைப் பட்டம்தான். சேரும்போது ஓவியப் பயிற்சியையும் பார்ப்பார்கள், உளவியல் பாடங்களையும் பார்ப்பார்கள். அமெரிக்கப் படிப்பில் மேற்பார்வையோடு 100 மணி நேர நேரடிப் பயிற்சி, அதன் மேல் 600 மணி நேர இன்டர்ன்ஷிப். எந்தப் பொருளை யார் கையில் கொடுப்பது என்பதே ஒரு பாடம்: பென்சில் சொன்ன பேச்சு கேட்கும், வாட்டர்கலர் தன் இஷ்டத்துக்கு ஓடும். எல்லாம் கைமீறிப் போகிறதே என்று தவிக்கிறவரிடம் முதல் நாளே வாட்டர்கலரை நீட்டுவது நல்லதல்ல.

பிரிட்டனில் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்ற பதவிப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, எச்.சி.பி.சி. (அங்கே சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு இல்லாமல் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் உரிம விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் பலர் கவுன்சலிங் உரிமமும் சேர்த்தே வாங்கிவைக்கிறார்கள். புத்திசாலித்தனம் என்பேன், ஏனென்றால் இந்தப் பெயரிலேயே விளம்பரமாகும் வேலைகள் குறைவு.

வேலை எங்கே? மனநல மருத்துவமனை, பள்ளி, சிறை, புற்றுநோய்ப் பிரிவு. அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவ வளாகத்தில், போரில் மூளைக் காயம் பட்ட வீரர்கள் முகமூடிகளுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். வாயால் சொல்ல வராததைச் சிலர் அதில் காட்டிவிடுகிறார்கள்.

யாருக்கு இது சரிப்படாது? அடுத்தவர் படத்தைப் பார்த்ததும் திருத்தக் கை பரபரக்கிறவர்களுக்கு. இங்கே படம் அசிங்கமாக இருக்க முழு உரிமை உண்டு.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா, இன்டர்ன்ஷிப்பில் மேற்பார்வை பார்ப்பது யார்? வார இறுதி சான்றிதழை வைத்துக்கொண்டு சிகிச்சையாளர் என்று போர்டு மாட்டாதீர்கள், ப்ளீஸ். இசை சிகிச்சைக்கும் நாடக சிகிச்சைக்கும் இதேபோல் தனிப் படிப்புகள் இருக்கின்றன. அடுத்து எது வேண்டும்? கமெண்டில் சொல்லுங்கள்.