கேட்ட வேலையைக் கொடுக்காதவர்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கு நிறைய வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"இளைஞரின் கனவு கைகூடப் பெரிதும் துணை நிற்பது தன்முயற்சியா, வழிகாட்டியா?" இதுதான் இன்றைய தலைப்பு. வழிகாட்டியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அருமையாகப் பேசினார். முடிக்கும்போது ஒரு பெயரைச் சொன்னார், அரங்கமே கைதட்டியது. "சீனிவாச ராமானுஜனுக்கு யார் ஐயா வழிகாட்டி? கும்பகோணத்துப் பையன். ஒரே ஒரு கணிதப் புத்தகம் கையில் கிடைத்தது. தானே கற்றார், தானே கண்டுபிடித்தார்" என்றார். நானும் சேர்ந்துதான் கைதட்டினேன் நடுவர் அவர்களே. ராமானுஜன் பெயரைக் கேட்டுக் கைதட்டாமல் இருக்க முடியுமா? ஆனால் அந்தக் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த புத்தகம் அது. ஏறத்தாழ 5,000 சூத்திரங்கள், பெரும்பாலும் விளக்கமே கிடையாது. 1903 வாக்கில் அது ராமானுஜன் கைக்கு வருகிறது. அப்போது அவருக்குப் பதினாறு வயது. அதைப் படித்தார், அதைத் தாண்டிப் போனார், நோட்டுப் புத்தகங்களை நிரப்பினார். இதுவரை எதிரணி சொன்னது முழுக்க உண்மை. அடுத்து என்ன நடந்தது? 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. உதவித்தொகை போயிற்று. வீட்டை விட்டே ஓடினார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அன்றைய கல்லூரி இடைநிலைத் தேர்வான எஃப்.ஏ.வில் தோற்றார், மறுபடியும் தோற்றார். 1909இல் கல்யாணமும் ஆகிவிட்டது. கையில் காசில்லை, வேலையில்லை, பட்டமில்லை.

இந்த ஆறு வருடத்தில் அவருடைய முயற்சி குறைந்ததா? ஒரு நாளும் இல்லை. நோட்டுகள் நிரம்பிக்கொண்டே இருந்தன. திறமைக்குக் குறைவா? உலகத்தில் நூறு வருடத்துக்கு ஒரு முறை பிறக்கிற மூளை அது. எதிரணி சொல்கிற இரண்டும் முழுதாக இருந்தும் கனவு ஓர் அங்குலம் நகரவில்லையே, ஏன்? இந்த மேடையை விட்டு இறங்குவதற்குள் அதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

1910இல் நிலைமை மாறுகிறது. முயற்சி அதே முயற்சிதான், நோட்டும் அதே நோட்டுதான். புதிதாக வந்தவர்கள் மனிதர்கள்.

திருக்கோவிலூரில் வி. ராமசுவாமி ஐயர் என்று ஒரு துணை ஆட்சியர் இருந்தார். 1907இல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். ராமானுஜன் அவரைத் தேடிப் போகிறார். எதற்கு? அடுத்த கணித உண்மையைப் பேசவா? இல்லை. தாலுகா அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டுப் போகிறார்! கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 22 வயது, வயிற்றுப்பாடு, வீட்டில் எல்லோரும் வேலை எங்கே என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் அவருடைய கனவே அந்தக் குமாஸ்தா நாற்காலி அளவுக்குச் சுருங்கியிருந்தது.

ராமசுவாமி ஐயர் நோட்டைப் புரட்டினார். ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை கிடைத்திருக்கும், ராமானுஜனும் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. இப்படி ஒரு மேதையை வருவாய்த்துறையின் அடிமட்ட வேலையில் போட்டு நசுக்க மனம் வரவில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். வேலைக்குப் பதிலாகச் சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். முயற்சி மட்டும் போதும் என்றால், அன்றைக்கு அந்த முயற்சி போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய இடம் திருக்கோவிலூர் தாலுகா அலுவலகம்.

அந்தக் கடிதங்கள் அவரைச் சேர்த்த இடங்களில் ஒன்று நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவ் வீடு. சவரம் செய்யாத முகம், நைந்த நோட்டு, ஒளிவிடும் கண்கள் என்று அந்த முதல் சந்திப்பை ராவ் எழுதிவைத்திருக்கிறார். முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ராமானுஜன் பொறுமையாகப் படிப்படியாக விளக்க, கடைசியில் மனம் மாறினார். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர, வயிற்றுக்குப் போதுமான சிறு தொகை வேண்டும் என்றார் ராமானுஜன். மாதம் 25 ரூபாய் சொந்தப் பணத்திலிருந்து வந்தது. நெல்லூரிலேயே ஓர் ஓரத்தில் உட்காரவைத்துக்கொள்ளாமல், சென்னையில்தான் நீ இருக்க வேண்டும் என்று திருப்பியும் அனுப்பினார்.

அப்புறம் 1912, மார்ச் 1. சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை, மாதம் 30 ரூபாய். "பார்த்தீர்களா, கடைசியில் குமாஸ்தாதானே ஆனார்" என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, அந்த அலுவலகத்தில் அவருக்கு மேலே யார் இருந்தார் என்று பாருங்கள். எஸ். நாராயண ஐயர். கணிதம் படித்தவர், அந்தக் கணிதச் சங்கத்திலேயே பொறுப்பில் இருந்தவர். பகலில் மேலதிகாரி. ராத்திரி ஆனால் திருவல்லிக்கேணியில் அவர் வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். பலப்பம் கீச்சிடும் சத்தம் வெகுநேரம் கேட்கும். ராமானுஜன் ஒரு வரி எழுதுவார், அடுத்த வரியில் விடை இருக்கும். நடுவில் உள்ள பத்துப் படிகளும் அவர் தலைக்குள்ளேயே நின்றுவிடும். "எனக்கே புரியவில்லையே, மற்றவர்களுக்கு எப்படிப் புரியும்? நடுவில் உள்ளதையும் எழுது" என்று நாராயண ஐயர் திரும்பத் திரும்பச் சொல்லி எழுதவைத்தார்.

நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாராயண ஐயர் ராமானுஜனைவிடப் பெரிய கணித மேதையா? இல்லை. ராமானுஜனுக்கு அவர் புதிய கணிதம் எதுவும் சொல்லித்தரவில்லை. "இது எனக்குப் புரியவில்லை" என்று வெட்கப்படாமல் சொன்னார். அதுவே பெரிய உதவி. தன் தலைக்குள் இருப்பதை இன்னொருவர் படிக்கும்படி எழுத வேண்டும் என்பது தனியாகக் கற்றவருக்குத் தெரிய வழியே இல்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ராத்திரித் தூக்கத்தை விட்டு, சொல்ல வேண்டும்.

துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காதில் விஷயத்தைப் போட்டவரும் நாராயண ஐயர்தான். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் கிரிஃபித் லண்டனில் இருந்த தன் பழைய ஆசிரியர் ஹில்லுக்கு எழுதினார். எங்கே சறுக்கல் இருக்கிறது, எந்த நூலைப் படிக்க வேண்டும் என்று ஹில் பதில் போட்டார். 1913 ஜனவரி 16 தேதியிட்டு, கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு ராமானுஜனின் கடிதம் போகிறது. அதற்கு முன்பே கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்று இரண்டு பெரிய பேராசிரியர்கள் கையை விரித்துவிட்டார்கள். அதே ராமானுஜன், அதே கணக்கு. மூன்றாவது ஆளான ஹார்டி, சக கணிதவியலாளர் லிட்டில்வுட்டைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்ததால்தான் இன்று நாம் கைதட்டுகிறோம். மூன்றாவது ஆளும் கடிதத்தைக் குப்பையில் போட்டிருந்தால், முயற்சியை எந்த அஞ்சல் பெட்டியில் போடுவது?

சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமில்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது ஸ்பிரிங் அந்த நோட்டுகளை அவரிடம் காட்டினார், வாக்கர் பரிந்துரைத்தார். கடல் தாண்ட மறுத்தவரிடம், 1914இல் சென்னைக்கு வந்திருந்த கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் நெவில் பக்குவமாகப் பேசினார். அந்த வருடம் மார்ச் 17இல் கப்பல் புறப்பட்டது.

சரி, எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் ஒரு நியாயமான அச்சத்தைச் சொன்னார். வழிகாட்டுகிறேன் என்று வந்து, பிள்ளையின் கனவைக் கெடுத்துத் தன் கனவைத் திணிப்பவர்கள் உண்டே என்றார். உண்டு. மறுக்கவில்லை. ஏகலைவனின் கட்டைவிரலைக் கேட்டவர் அப்படிப்பட்டவர்தான், அவருக்காக நான் இங்கே வாதாடவில்லை. ஹார்டியைப் பாருங்கள். ராமானுஜனுக்கு முறையான நிறுவல்கள் பற்றித் தெரியாதது எவ்வளவோ இருந்தது. எல்லாவற்றையும் ஒழுங்காகப் படி என்று கட்டாயப்படுத்தினால் அவருடைய தன்னம்பிக்கையே போய்விடுமோ, உள்ளிருந்து வரும் ஊற்று அடைபட்டுவிடுமோ என்று ஹார்டி பயந்தார். கற்றுக்கொடுத்ததைவிடத் தான் கற்றுக்கொண்டதே அதிகம் என்றும் எழுதினார். எதைச் சொல்லித்தர வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்று பயந்து பயந்து யோசிக்கிற அந்த மனத்தைத்தான் நான் வழிகாட்டி என்கிறேன்.

ஆனாலும் ஹார்டியிடம் ஒரு குறை எனக்கு உண்டு, அதையும் மறைக்க மாட்டேன். கணிதத்தைப் பார்த்த அளவுக்கு அந்த மனிதர் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று அவர் பார்க்கவில்லை. கேம்பிரிட்ஜில் குளிர் தாங்கவில்லை. மேல்கோட்டும் சால்வையும் போர்த்திக்கொண்டு தூங்கினார் ராமானுஜன். மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகச் செருகப்பட்டிருந்த கம்பளிகளுக்கு உள்ளே நுழைந்துதான் படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. கம்பளியை விலக்கிக் காட்டியவர் அங்கே படிக்க வந்திருந்த மகலனோபிஸ் என்ற வங்காள மாணவர். ராமானுஜனைவிட வயதில் சிறியவர். இங்கிலாந்தின் பெரிய அறிவியல் அமைப்பான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பட்டம் 1918இல் வந்தது. உடம்பு அதற்கு முன்பே போய்விட்டது. 1920 ஏப்ரலில், 32 வயதில் போய்விட்டார். கேம்பிரிட்ஜில் அவருக்கு ஹார்டி கிடைத்தார், ஒரு நாராயண ஐயர் கிடைக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பழைய காலம் என்று சொல்லிவிடாதீர்கள். நம் சென்னையையே பாருங்கள். சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் 1986இலிருந்து இந்தியாவின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்தார். 2020இல் இளம் வீரர்களுக்காக ஒரு பயிற்சி அமைப்பில் தன் பெயரையும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டார். அங்கே வந்தவர்களில் ஒருவரான குகேஷ், 2023 செப்டம்பரில் தரவரிசையில் ஆனந்தையே தாண்டினார். 37 வருட இடம் போயிற்று. தன் இடத்தை எடுக்கப்போகிறவனைத் தன் கையாலேயே வளர்த்திருக்கிறார் ஆனந்த்! 2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் 18 வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். பல வருடம் அவருக்குப் பயிற்சி தந்த விஷ்ணு பிரசன்னா, ஆரம்ப வருடங்களில் கணினியைத் தொடவே விடவில்லை. விடையைக் கணினி சொல்லிவிடும், யோசிக்கும் பழக்கம் வராது என்பது அவர் கணிப்பு. எல்லாப் பிள்ளைகளும் கணினியோடு உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம் என்று தானாகவே ஒதுக்கிவைக்க எந்தச் சிறுவனுக்குத் தோன்றும்?

இந்த அரங்கில் கணக்கு பிடித்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அம்மா, சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் என்று ஒன்று இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு இருக்கிறது என்று உனக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? நீ எவ்வளவு உழைத்தாலும், இருப்பதே தெரியாத தேர்வுக்கு எப்படி விண்ணப்பம் போடுவாய்? இதை உன் உழைப்பின் குறை என்று எதிரணி சொன்னால் நான் ஏற்க மாட்டேன். உனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், மாமா ஒருவர், பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

நடுவர் அவர்களே, 1904 முதல் 1910 வரை ராமானுஜனுக்கு என்ன குறைவாக இருந்தது என்ற என் கேள்வியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் அதற்குப் பதில் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால், தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.