வௌவால் மரத்தடியில் விரித்த பிளாஸ்டிக் தாள்

1998 செப்டம்பர் வாக்கில் மலேசியாவின் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்கள் காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். முதலில் தலைவலி, அப்புறம் மயக்கம், பலருக்கு நினைவே திரும்பவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல்தான் என்று முடிவுகட்டி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களும் படுக்கையில் விழுந்தார்கள்.

யாருக்கு வருகிறது என்று பார்த்தாலே சந்தேகம் வந்திருக்கும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்ததெல்லாம் பன்றியோடு புழங்கிய பெரியவர்கள். பன்றிகளும் குரைப்பதுபோல் இருமிக்கொண்டிருந்தன. இதைக் காது கொடுத்துக் கேட்க இவ்வளவு மாதங்கள் ஆனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங், நோயாளி ஒருவரிடமிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரால் அது நிபா வைரஸ் ஆனது. பத்து லட்சம் பன்றிகளைக் கொன்ற பிறகே நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 105 பேர் போய்விட்டார்கள்.

சரி, பன்றிக்கு அது எங்கிருந்து வந்தது? ஆஸ்திரேலியாவில் 1994இல் தலைகாட்டிய ஹெண்ட்ரா வைரஸ் இதற்கு நெருங்கிய உறவு. அது பழந்தின்னி வௌவாலில் இருந்தது. அந்தத் தடத்தில் போனவர்கள் மலேசியாவின் தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள். மேலிருந்து சொட்டிய சிறுநீரைச் சேகரித்தார்கள். கடித்துப் போட்ட பழங்களையும் விடவில்லை, பஞ்சால் துடைத்தெடுத்தார்கள். இரண்டிலும் உயிருள்ள வைரஸ் கிடைத்தது. நோய் தொடங்கிய பண்ணையிலோ தொழுவத்தை ஒட்டியே மாமரங்கள் நின்றன. வௌவால் கடித்த பழம் கீழே விழுந்தால் பன்றி விடுமா?

2018இல் கோழிக்கோட்டுக்கு அருகே பேராம்பிராவில் நிபா வந்தபோது, நோய் கண்ட குடும்பத்தின் கிணற்றிலிருந்த வௌவால்களை முதலில் சோதித்தார்கள். அவை பூச்சி தின்பவை, வைரஸ் இல்லை. வௌவாலுக்குத் தொடர்பே இல்லை என்று பேச்சு கிளம்பியது. பிறகு பிடித்த பழந்தின்னி வௌவால்களில் வைரஸின் தடயம் இருந்தது. ஆனால் முதல் நோயாளிக்கு அது எந்த வழியாகப் போனது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை.

அதனால்தான் வௌவாலைச் சுடாதீர்கள், மரத்தை வெட்டாதீர்கள் என்கிறேன். விரட்டினால் அவை வேறு ஊருக்குப் போகும், வைரஸும் கூடவே போகும். காய்ச்சல் இல்லாத ஆண்டுகளிலும் மரத்தடியில் தாள் விரித்து மாதிரி எடுக்க ஆளும் பணமும் ஒதுக்குங்கள் என்று அரசைக் கேளுங்கள்.