தண்ணி மில்லு மியூசியம்: சக்கரத்தை ஓட்டணுமா, நிறுத்தி வைக்கணுமா?

"இங்கிலாந்துல பழைய தண்ணி மில்லுங்களை, அதாவது தண்ணி சுத்துற சக்கரத்தால தானியம் அரைக்கிற மில்லுங்களை, மியூசியமா வச்சிருக்காங்களே, சக்கரத்தை நிறுத்தியே வச்சா தேயாம நாள்பட நிக்காதா?" அப்படின்னு கேட்டிருக்கீங்க. இல்லைங்க. மரச் சக்கரம் ஓடித் தேயுறதைவிட நின்னு கெடுறதுதான் அதிகம்.

இங்கிலாந்துல செஷயர்ங்கிற மாவட்டத்துல இருக்குற நெதர் ஆல்டர்லி மில்லை எடுத்துக்கோங்க. 16ஆம் நூற்றாண்டு மில்லு, குளத்துக் கரையை ஒட்டியே கட்டினது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு சக்கரம். மேல் சக்கரத்தைச் சுத்தின தண்ணியே கீழ்ச் சக்கரத்துலயும் விழும். அரைப்பு 1939ல நின்னுபோச்சு. 1960கள்ல பழுது பார்த்து மறுபடி சுத்த வச்சாங்க.

மரச் சக்கரம் ஒரே இடத்துல நின்னா அடிப்பக்கம் ஈரத்துல ஊறும், மேல்பக்கம் காஞ்சு வெடிப்பு விடும். ஊறின பக்கம் கனம் கூடிடும். அப்புறம் மதகைத் திறந்தா அந்தப் பக்கம் இறங்குறப்ப வேகமா இறங்கும், ஏறுறப்ப திணறும். அந்தக் குலுக்கல் அத்தனையும் மில்லுக்குள்ள இருக்குற பல்சக்கரங்களோட பல்லுங்க மேலதான் விழும். அதனால அடிக்கடி ஓட்டணும். ஓட்ட முடியாத நாள்ல கையால கால் சுத்தாவது திருப்பி வைக்கணும்.

பல்சக்கரம் நிறைய மில்லுல இரும்புதான், ஆனா பல்லு மட்டும் ஆப்பிள் மரத்துல செஞ்சு சொருகியிருப்பாங்க. ஏதாவது சிக்கிக்கிட்டா மரப்பல்லு உடையும், சக்கரம் தப்பிச்சிடும். அந்தப் பல்லை இரும்புல மாத்திடாதீங்க, தயவுசெஞ்சு!

அடுத்து தானியம் அரைக்கிற கல்லு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. நாலடி குறுக்களவு மேல்கல்லு ஒரு டன் பக்கம் வரும், நிமிஷத்துக்கு 120 சுத்து சுத்தும். ரெண்டு கல்லுக்கும் இடைவெளி, நடுவுல தடிக் காகித அளவு, ஓரத்துல மெல்லிய காகித அளவுதான். தானியம் இல்லாம ஓடினா கல்லும் கல்லும் உரசி, கொத்தி வச்ச வரியெல்லாம் மழுங்கிடும், தீப்பொறியும் பறக்கும். மாவுத்தூசி இருக்குற இடத்துல அது பெரிய ஆபத்து. அதுக்குத்தான் தானியத் தொட்டிக்குள்ள ஒரு தோல்பட்டை. தானியத்தோட கனத்துல அது அமுங்கியே கிடக்கும்; தானியம் குறைஞ்சதும் பட்டை விடுபட்டு, அதோட கட்டின மணி இறங்கி அடிக்க ஆரம்பிச்சிடும். அந்தப் பட்டை அறுந்திருந்தா முதல் வேலையா அதை மாத்துங்க.

தானியம் இல்லாத நாள்ல சக்கரத்தை மட்டும் காட்டணும்னா, கல்லைச் சுத்துற சின்னப் பல்சக்கரத்தை மேல தூக்கி விலக்கிடணும். அது கீழ நழுவாம நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் மதகைத் திறக்கணும். அதையும் ஒரேயடியா இல்லை, கொஞ்சம் கொஞ்சமா.