பாண்ட் சாகலாமா?

நேயர்களுக்கு வணக்கம். ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம் என்று கரையோரமாக இந்த நேரத்தில் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். நான் பேசப்போவது ஒரு வெள்ளைக்கார உளவாளியைப் பற்றி. ஆனாலும் தம் பிடித்துக் கடலில் இறங்குகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

ஜேம்ஸ் பாண்ட் வரிசையில் முதல் படம், ‘டாக்டர் நோ’, 1962-ல் வந்தது. 2021-ல் வந்த ‘நோ டைம் டு டை’ 25-ஆவது படம். கீழக்கரையில் எங்கள் கூட்டத்தில் அந்தப் படத்தைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை. ஐந்து படங்களில் பாண்டாக நடித்த டேனியல் கிரெய்க், இதில் கடைசியில் செத்துப் போகிறார். பாண்ட் சாகலாமா?

“சாகக் கூடாது காக்கா. செத்துப்போனா அது பாண்ட் படமே இல்லை” என்கிறார்கள் இளவட்டங்கள். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று கொண்டாடிய என் வயது ஆட்களும் அவர்கள் பக்கம்தான். நாயகன் செத்தால் சனங்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். 1956-ல் ‘மதுரை வீரன்’ படத்தில் எம்.ஜி.ஆர். உயிரை விடத்தானே செய்தார்? அந்தப் படம் ஓடு ஓடென்று ஓடியதே! ஆகவே அந்த வாதம் எனக்குச் சரிப்படவில்லை.

சாகலாம் என்பதுதான் என் கட்சி. எப்படி இந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்ல, 1965-ல் வந்த ‘தண்டர்பால்’ படத்துக்குப் போக வேண்டும். ஷான் கானரி நடித்தது. ஏறக்குறைய கால் பங்கு படம் தண்ணீருக்கு அடியில்தான் நடக்கிறது. அதில் பாண்டிடம் ஒரு குட்டிக் கருவி இருக்கும். விரல் நீளத்தில் இரண்டு குழாய், நடுவில் வாயில் கவ்விக்கொள்ள ஒரு பிடி. அதை வைத்துக்கொண்டு நாலு நிமிடம் நீருக்கு அடியில் மூச்சு விடலாமாம்.

என் மச்சான் ஒருவர் சங்கு குளித்தவர். முகத்தில் கண்ணாடி, காலில் தகடு, அவ்வளவுதான் அவருக்குக் கருவி. அந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். கருவி வந்ததுமே சொன்னார்: “மச்சான், வாயில இருக்கறது சும்மா. ஒவ்வொரு தடவையும் காட்சியை எங்க வெட்டுறாங்க பாருங்க. அவன் தம்மு அவ்வளவுதான்.”

கணக்குப் பார்த்தாலும் அவர் சொன்னது சரி. சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கே நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் காற்று வேண்டும். நீந்துகிறவருக்கு இன்னும் எவ்வளவோ அதிகம். பத்து மீட்டர் ஆழத்தில், அதாவது நம் ஆட்கள் கணக்கில் ஐந்தரை பாகத்தில், அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும். அந்தக் குட்டிக் குழாயில் இவ்வளவு காற்றை எங்கே அடைப்பது?

இதில் ஒரு கதை உண்டு. அந்தப் படத்தின் கலைப் பிரிவில் வேலை பார்த்த பீட்டர் லாமான்ட் சொன்னது. படம் வந்த பிறகு பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் பிரிவிலிருந்து ஓர் ஆள் போன் பண்ணி, அந்தக் கருவி எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று கேட்டாராம். ஓர் ஆள் எவ்வளவு நேரம் தம் பிடிப்பாரோ அவ்வளவு நேரம் என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். மறுமுனையில் போனை வைத்துவிட்டார்களாம்! ராணுவம் போன் பண்ணிக் கேட்டதை, நம் ஊர்ச் சங்கு குளியாள் படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். இதை நான் எங்கே போனாலும் சொல்லுவேன். இங்கேயும் சொல்லிவிட்டேன்.

கருவி பொய், தம்தான் நிஜம். கிரெய்க் படங்களை இப்படிப் பாருங்கள். முதல் படம் 2006-ல் வந்த ‘கேசினோ ராயல்’. வெனிஸில் ஒரு கட்டடம் தண்ணீருக்குள் இறங்குகிறது. லிப்ட் கூண்டுக்குள் மாட்டிக்கொண்ட காதலி வெஸ்பரை, தம் பிடித்து மூழ்கி மேலே கொண்டுவருகிறார் பாண்ட். ஆனால் உயிர் போய்விட்டது. கடைசிப் படத்தில் மூழ்குகிற மீன்பிடிப் படகின் அடித்தட்டில் தண்ணீர் ஏற ஏற, குண்டடிபட்ட நண்பர் பெலிக்ஸ் பாண்டின் கையிலேயே இறக்கிறார். பாண்ட் மட்டும் வெளியே வருகிறார். இஞ்சின் அறையில் தண்ணீர் ஏறினால் எப்படி இருக்கும் என்று விசைப்படகில் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தம் தீர்ந்தால் இந்த ஆளும் செத்துவிடுவான் என்று படம் முதலிலிருந்தே காட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

அப்புறம் அந்தக் கடைசித் தீவு. பாண்டின் உடம்பில் ஒரு விஷம் ஏறிவிட்டது. இனி காதலி மேடலினையோ மகள் மட்டில்டாவையோ தொட்டால் அவர்கள் உயிர் போகும். ஏவுகணைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவர் அங்கேயே நின்றுவிடுகிறார். கடல்பாசி எடுக்கப் போகும் என் தங்கை இதைப் பார்த்துவிட்டு, “எப்படியாவது கரைக்கு வந்து, தூர நின்னாவது புள்ளையைப் பாத்திருக்கலாம்ல காக்கா?” என்று கேட்டாள். சாகக் கூடாது என்று நான் கேட்ட வாதங்களிலேயே வலுவானது இதுதான். அதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அவர் நின்றது சரி என்றே நினைக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். அடுத்த படத்தைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்திருந்தேன். பாண்ட் படங்களைத் தயாரித்து வந்த பார்பரா பிரொக்கோலியும் மைக்கேல் ஜி. வில்சனும் படைப்புப் பொறுப்பை அமேசானிடம் கொடுப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். டெனி வில்னூவ் இயக்குவார் என்று அதே வருடம் ஜூனில் செய்தி வந்தது. 1983-ல் ‘ஆக்டோபஸ்ஸி’யில் நடித்த நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன். அவரும் அதில் பாண்டுக்கு உதவப் போய்ச் சாகிறார். இன்னொரு முறை கூப்பிட்டால் அவரிலிருந்தே தொடங்குகிறேன். வணக்கம்.